கிழக்கு என்றால் மேற்கு

வெர்னல் டக்கெட் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இத்தனை காலத்தில் ஒரு பிள்ளையைக்கூட வீடு மாற்றி இறக்கிவிட்டதில்லை. ஆனால் மீன் எங்கே கடிக்கிறது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், ஊரையே கரை மாற்றி இறக்கிவிடுவார்.

மிசிசிப்பியில் எங்கள் ஏரிப்பக்கம் அது குற்றமில்லை, மரியாதை. டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்ததும் கிராப்பி மீன்கள் முட்டையிட ஆழத்தை விட்டு முழங்கால் தண்ணீருக்கு ஏறி வரும். கலங்கல் தண்ணீரில் அவற்றுக்குக் கண் எட்டாது. மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நீளக் கழியை நீட்டி, தூண்டிலை மீனின் மூக்குக்கு முன்னாலேயே இறக்க வேண்டும். ஒரு சாண் தள்ளிப் போட்டால் பொழுது சாயும்வரை தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆக, எந்தக் கட்டை என்பதுதான் சொத்து. பார்க்கிறவன் கேட்டாக வேண்டும், பிடித்தவன் பொய் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்பவனைத்தான் திமிர் பிடித்தவன் என்பார்கள்.

மற்றவர்கள் பொய்யில் கொஞ்சம் உண்மை கலப்பார்கள். ஓடையைச் சரியாகச் சொல்லிக் கட்டையை மாற்றிச் சொல்வார்கள். வெர்னல் கலப்படமே செய்யாதவர். கிழக்குக் கரையில் பிடித்தால் மேற்கு என்பார். கட்டின மனைவி ஓலீட்டா கேட்டாலும் மேற்குதான். தேவாலயப் படிக்கட்டில் நின்றபடி போதகரிடமும் மேற்கு என்று சொன்னவர் அவர்.

தூண்டில் புழுவும் சிறுமீனும் விற்கும் ராய்ஸ் பிக்கெட்தான் இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தான். "வெர்னல் எந்தப் பக்கம்னு சொல்றானோ அதுக்கு எதிர்ப்பக்கம் போங்கடா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஓதினான். எல்லோரும் கிழக்கே போய்த் தேடினார்கள். கிழக்கே ஓடைகளுக்குப் பஞ்சமில்லை. பன்றிகூட இறங்க யோசிக்கும் டப்ஸ் ஓடைக்குள் மட்டும் யாரும் படகை விடவில்லை. வெர்னலின் கட்டை அங்கேதான் இருந்தது.

போன மார்ச் மாதம் ஒரு மத்தியானம். அணையில் மதகைத் திறந்திருந்தார்கள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்ததை வெர்னல் கவனிக்கவில்லை, அவர் கவனமெல்லாம் தக்கையில். படகு ஒரு அடிக்கட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தள்ளிவிடலாம் என்று இறங்கினார். சேறு தொடைவரை வாங்கிக்கொண்டது. அசைய அசைய இடுப்புக்கு ஏறியது. தண்ணீரோ பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ராய்ஸைப் போனில் கூப்பிட்டார்.

"ராய்ஸ், சேத்துல மாட்டிக்கிட்டேன்யா. டப்ஸ் ஓடை. கிழக்குக் கரை. சீக்கிரம் வா."

கடையே சிரிப்பது போனில் கேட்டது.

"டப்ஸ் ஓடையாமே! அடப்பாவி, உசுரு போற நேரத்துலகூட எடத்த விட்டுக் குடுக்க மாட்டேங்குறியே!"

"யோவ், சத்தியமாச் சொல்றேன்யா!"

"சத்தியம் வேற பண்றியா? அப்ப நிச்சயமா நீ அங்க இல்ல. பயப்படாத வெர்னல், இந்தா கெளம்பிட்டோம்." பிறகு மற்றவர்களிடம் அவன் கத்தியதும் கேட்டது: "மேக்கால விடுங்கடா படக!"

நல்ல மனசுக்காரர்கள். கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, நண்பனின் உயிரைக் காப்பாற்ற மூன்று படகுகளில் பறந்தார்கள், நேர் எதிர்த் திசையில். மறுபடி கூப்பிடலாம் என்றால், விறைத்த விரல்களிலிருந்து போன் நழுவிச் சேற்றுக்குள் போய்விட்டது.

வெர்னலுக்குப் பயம் வந்தது. செத்துப்போனால் பிணத்தைத் தேடி ஊர் இங்கே வந்துவிடுமே, இடம் தெரிந்துவிடுமே என்றுதான் முதலில் கவலைப்பட்டார். அந்த நேரம் பார்த்துத் தக்கை முங்கியது. கை சும்மா இருக்குமா? கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். இடுப்புவரை சேற்றில் நின்றபடியே கழியைப் பதமாகத் தூக்கி, உள்ளங்கை அகல மீனைப் படகுக்குள் போட்டார். காட்ட ஆளில்லை. உண்மையைச் சொல்லியும் தன்னை நம்ப ஒரு ஆள் இல்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதுவிட்டார்.

வெயில் தாழும் நேரத்தில் ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. ஓலீட்டா வந்தாள், தன் அண்ணனின் படகைத் தானே ஓட்டிக்கொண்டு, தேவாலயத்துக்குப் போகும் செருப்போடு. ஒரு பலகையைச் சேற்றின்மேல் போட்டுக் கயிற்றை வீசினாள்.

"கக்கத்துல மாட்டிக்க. துள்ளாத."

"நான் இங்க இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னா?" பல் கிட்டிக்கொண்டு கேட்டார் வெர்னல்.

"ராய்ஸ்தான் எனக்குத் தைரியம் சொல்றேன்னு போன் பண்ணான். டப்ஸ் ஓடைன்னு நீ புளுகுறியாம்."

"நீ... நீ நம்புனியா ஓலீட்டா?"

"உன்னையா? நல்லாருக்கே கதை! உன் பேன்ட்ட நம்புனேன்யா. ஏரி முழுக்கக் கருஞ்சேறு. இந்த ஒரு ஓடையிலதான் செம்மண்ணு. வருஷக்கணக்காத் தேச்சித் தேச்சி வெளுக்கிறவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் எங்க போனேன்னு கேட்டியா?"

ஓலீட்டா கயிற்றை இழுப்பதை நிறுத்தவில்லை. முகத்தையும் திருப்பவில்லை.

"என்னைக்காவது எனக்கு மட்டும் சொல்ல மாட்டியான்னுதான்."

சேறு அவரை விட்டுவிட்டது. அந்தப் பதில் விடவில்லை.

அன்றிலிருந்து வெர்னல் டக்கெட் உண்மை மட்டுமே பேசுகிறார். கடையில் யார் கேட்டாலும், "டப்ஸ் ஓடை, கிழக்குக் கரை, உள்ளே மூணாவது கட்டை" என்கிறார். அவரை எங்கே மீட்டாள் என்று ஓலீட்டா யாரிடமும் மூச்சு விடவில்லை. கடை சிரிக்கிறது. எல்லோரும் படகைத் திருப்பிக்கொண்டு மேற்கே போகிறார்கள். அவருடைய இடம் இவ்வளவு பத்திரமாக என்றைக்கும் இருந்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், கேட்பதற்கு முன்பே ஓலீட்டாவிடம் சொல்லிவிடுகிறார். "டப்ஸ் ஓடைக்குத்தான் போனேன், ஓலீட்டா." அவளும் "அப்படியா" என்று தலையாட்டுகிறாள். பிறகு அவர் கழற்றிப்போட்ட பேன்ட்டைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கால் விளிம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மீனைச் சோளமாவில் புரட்டுகிறாள்.