வைர முள் தேயாது என்ற உங்கள் மாமா

பரவையில் ரேடியோ செட் வாடகைக்கு விட்ட உங்கள் பெரிய மாமாவுக்கு வைரம் தேயாது என்று ஒரு நம்பிக்கை. ஊரே கேசட்டுக்குப் போன பிறகும் அவர் இசைத்தட்டுதான் போடுவார். தட்டில் உரசிப் பாட வைக்கும் முள்ளின் நுனியில் கடுகிலும் சின்னதாக ஒரு வைரம் இருக்கும். கடை திறந்த அன்று மாட்டிய முள்ளை அவர் மாற்றவே இல்லை. அதில் பெருமை வேறு.

"மாப்ள, எங்க ஆத்தா மூக்குத்தி எம்புட்டு வருசமா மினுங்குது. தேஞ்சா போச்சு?"

"மூக்குத்தி சும்மா கெடக்கு மச்சான். இது நாள் பூரா உரசுதுல்ல."

"பாத்தியா, எட்டாப்பு படிச்ச பேச்ச."

தேய்ந்த முள் தட்டில் நிற்காமல் தாவத் தொடங்கியது. முள்ளை மாற்றுவாரா? அதன் தலையில் ஒரு ரூபாய்க் காசை வைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். டயர் வழுக்கினால் வண்டியில் இன்னும் இரண்டு மூட்டை ஏற்றுகிற புத்தி.

என்னிடம் ஒரு நாதஸ்வரத் தட்டு இருந்தது. என் அப்பா தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான். என் மெஷினில் முள்ளைக் காலாகாலத்தில் மாற்றி, பொங்கலுக்கு மட்டும் போடுவேன். உங்களில் மூத்தவளுக்குத் திருப்பரங்குன்றத்தில் காதுகுத்து வைத்தபோது மாமா அதைக் கேட்டார். அந்த முள்ளின் லட்சணம் தெரிந்தும் கொடுத்தேன். பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் முகம் கோணினால் விசேஷம் நடக்குமா? என் வீரம் அவ்வளவுதான்.

மூன்று முறை போட்டார். மூன்றாம் முறை, வாய் நிறைய மணலோடு ஊதுவதுபோல் இருந்தது. தட்டை வேட்டியில் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"பிளேட்டு பழசு மாப்ள. வேற வாங்கிக்க."

அவர் முள்ளைக் கழற்றி, வாட்ச் ரிப்பேர்காரரின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நுனி உளிபோல் தட்டையாகியிருந்தது. மாமாவையும் பார்க்க வைத்தேன். நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இப்புடி இருந்தாத்தான் மாப்ள அழுத்தமாப் பாடும்."

வீட்டுக்கு வந்து என் மெஷினில் புது முள் மாட்டிப் போட்டேன். அதே கரகரப்பு. தட்டின் கோடுகளையே அந்த உளி செதுக்கிவிட்டிருந்தது. உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நிப்பாட்டுங்க, கேக்க முடியல" என்றாள். நிறுத்தினேன். நான் அவள் அண்ணனிடம் போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சின்னவனுக்கு அப்போது இன்னும் காது குத்தவில்லை.