நிலாவுக்குப் போகிறவர்களை ஊர் ஊராகக் காட்டினோம்

படம் காட்டுவதுதான் எங்கள் தொழில், அதை யாரிடம் சொன்னாலும், "அது தெரியுது, வேலை இன்னா?" என்று கேட்பார்கள்.

நிலாவில் மனிதன் கால் வைத்த புதிது. பி.எஸ்ஸி. முடித்திருந்த எனக்கு மெட்ராஸில் ஓர் அறிவியல் பிரசார சங்கத்தில் வேலை கிடைத்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம், தன்னிடம் படித்துப் பட்டம் வாங்கிய மூன்று பேர் அடுத்து வரும் விண்வெளிப் பயணங்களுக்குத் தேர்வாகியிருக்கிறார்கள் என்று பெருமைப்பட்டு ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தது. அதை ஒரு பழைய வேனில் போட்டுக்கொண்டு திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்து ஊர்களில் திரை கட்டிக் காட்ட வேண்டும். இங்கிலீஷ் பேச்சைக் குறைத்துவிட்டு நான் மைக்கில் தமிழில் விளக்கம் சொல்வேன். வேன் ஓட்டுவதும் ஜெனரேட்டரைக் கிளப்புவதும் ரீல் மாட்டுவதும் மஸ்தான் பாய். அவர் என்னை "தம்பி" என்பார். படத்தை என்னைவிட அதிகத் தடவை பார்த்தவர். ஆனால் அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பியதாக எனக்குத் தெரியவில்லை.

நல்ல சரக்கை வைத்துக்கொண்டு, வாங்க ஒருவரும் இல்லாமல் நின்றிருக்கிறீர்களா? இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், அம்மை ஊசி போட வீடு வீடாகப் போனவர்கள், இவர்களுக்கெல்லாம் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். மற்றவர்கள் பொறுமையாகக் கேளுங்கள்.

அமாவாசையன்று

திருவள்ளூரில் அமாவாசை என்றால் கோயில் குளத்தில் முழுக்குப் போட வெளியூர் ஜனமெல்லாம் வந்துவிடும். தானாகச் சேருகிற கூட்டத்தை விடலாமா என்று எங்கள் செயலாளர் அன்றைக்கே காட்சி வைத்துவிட்டார். குளத்துக்கு எதிரே ஒரு சத்திரத்துச் சுவரில் திரை கட்டினோம். முன்வரிசையில் கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம் செய்யும் ரங்காச்சாரி உட்கார்ந்திருந்தார். திருமண் கலையாத நெற்றி, கட்டிய கை. மூன்று பேரும் வகுப்பில் படிப்பது, பட்டமளிப்பு அங்கியில் நிற்பது, தண்ணீர்த் தொட்டிக்குள் மிதந்து பழகுவது, கண்ணாடிக் குடம் மாதிரி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொள்வது, எல்லாவற்றையும் இமை கொட்டாமல் பார்த்தார்.

முடிந்ததும் எழுந்து ஆகாயத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, ரகசியம் பேசுகிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "மாசத்துல இத்தனை நாள் இருக்கறச்சே நிலா இல்லாத நாளாப் பார்த்து வந்திருக்கேளே. மேலே இருந்தா ஒத்துப் பார்த்துடுவோம்னு பயமா?"

கையாட்டிய பெண்

பொன்னேரி மார்க்கெட் பக்கத்தில் காட்டியபோது பெண்கள் கூட்டம் அதிகம். படத்தில் ஓர் இடத்தில் அந்த மூவரில் ஒருவருடைய மனைவி வீட்டு வாசலில் நின்று, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி கையாட்டுவாள். "கணவர் நிலாவுக்குப் போகப்போகிறார் என்பதில் இவருக்கு எவ்வளவு பெருமை பாருங்கள்" என்று நான் மைக்கில் சொல்வேன். அதுவரை எல்லா ஊரிலும் எடுபட்ட வரி அது.

கீரை விற்கும் நாகம்மா எழுந்து நின்றுவிட்டாள். படத்தை நிறுத்து என்று கையைக் காட்டினாள். மஸ்தான் பாயும் நிறுத்திவிட்டார்; அவருக்கு நாகம்மா மாதிரி அதட்டுகிறவர்களிடம் எப்போதும் மரியாதை உண்டு. நாகம்மா திரைப்பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "என் ஊட்டுக்காரன் நெல்லூருக்கு லோடு ஏத்திகினு போனாலே எனக்கு சோறு எறங்காது நைனா. அவன் நிலாவுக்குப் போறானாம், இவ பல்லக் காட்டிகினு கையாட்டறாளாம். இவ பொண்டாட்டியே இல்ல, யாரையோ கூட்டியாந்து நிக்க வெச்சிருக்காங்க!"

எந்தக் காலேஜ்

திருநின்றவூரில் ரயில் பிடித்து மெட்ராஸ் ஆபீசுகளுக்குப் போய் வருகிறவர்கள் அதிகம். படித்தவர்கள், எனவே தொல்லை இருக்காது என்று நினைத்துக்கொண்டு போனேன். இந்த நினைப்பு வந்த நாளிலெல்லாம் எனக்கு அடி விழுந்திருக்கிறது.

ஒரு குமாஸ்தா தன் மகனையும் அழைத்து வந்திருந்தார். பையன் பட்டம் வாங்கி இரண்டு வருஷமாக வேலை இல்லாமல் இருக்கிறான் என்பதைக் காட்சி தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார். மூன்று பேரும் ஒரே பல்கலைக்கழகம் என்று நான் சொன்னதும் அவர் மகனை ஓரக்கண்ணால் பார்த்தார். படம் முடிந்ததும் முதல் கேள்வி அவருடையது. எத்தனை பேர் மனுப் போட்டார்கள், யார் தேர்வு செய்தது என்று விசாரித்தார். கடுமையான பரீட்சை, உடல் சோதனை, எல்லாம் நியாயமாக நடந்தது என்று விவரித்தேன். தேர்வுக் குழுவில் இருந்த ஒரு பெரியவரும் படத்தில் வந்து பேசுவார். அவரைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவரும் அங்கே படித்தவர்தான் என்று படமே சொன்னதால், நானும் சொல்லித் தொலைத்தேன்.

குமாஸ்தா மகனுடைய தோளைத் தட்டினார். இரண்டு வருஷமாக அவனைத் திட்டிக்கொண்டிருந்தவர் என்பது அந்தத் தட்டலிலேயே தெரிந்தது. "எழுந்திருடா, உன் பேர்ல தப்பில்ல. நிலாவுக்கே ஆள் தெரிஞ்சாத்தான் சீட்டாம்."

மூன்றாவது ஆள்

இதை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

எங்கள் படத்து மூவரில் ஒருவருக்குக் கிளம்புவதற்கு முன்பு ஏதோ தொற்று இருக்கலாம் என்று டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. அவரை நிறுத்திவிட்டு வேறு ஒருவரை ஏற்றிவிட்டார்கள். செய்தி பேப்பரில் வந்த அன்று நாங்கள் புதுவாயலில் இருந்தோம். நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளுக்குப் பின்னால் திரை கட்டியிருந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளிகள். டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் திரையில் வந்ததும் விசில். "போகாத ஆள எதுக்குக் காட்டறே, ரீல கட் பண்ணு!" என்று கத்தினார்கள். பேஜாராகிவிட்டது. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம் என்பதற்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்று மைக்கில் சொன்னேன். "போகலாமா, போச்சா?" என்றார் ஒருவர். இன்னும் போகவில்லை என்றேன். அதற்கும் விசில்.

கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்றார். பெயர் ஆரோக்கியம். முன்பு வயல் வேலை, பிறகு ஓர் ஆலையில் மூன்று வருஷம் தற்காலிக வேலை. நிரந்தரம் ஆகிற சமயத்தில், போன மாதம், கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மஸ்தான் பாய் அவரிடம் பீடி நீட்டினார். வாங்கிக்கொண்டார், பற்ற வைக்கவில்லை. திரையை அவிழ்த்தது, சுருட்டியது எல்லாவற்றுக்கும் கை கொடுத்தார். வேன் கதவைச் சாத்தும்போதுதான் கேட்டார். "அவ்ளோ படிச்ச ஆளு. அவனுக்காச்சும் இன்னா காரணம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்களா சார்?"

ஒயர்

கும்மிடிப்பூண்டிக்கு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். வயல் கூலிக்குப் போகும் குடும்பங்கள், ஓட்டுக் கூரை போட்ட சின்ன சர்ச், அதைச் சுற்றிக் குடிசைகள். ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்தால் அதன் இரைச்சலில் என் குரல் கேட்காது. அதனால் மஸ்தான் பாய் அதைச் சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்து சர்ச் சுவர் வரைக்கும் தரிசு நிலத்தின் குறுக்கே ஒயரை இழுத்துக்கொண்டு நடந்தார். பழைய ஒயர், அங்கங்கே விட்டுப்போன இடத்தில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இழுங்க பாய்!" என்று கத்தினேன்.

அவ்வளவுதான். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை, நடவுக்குப் போய்த் திரும்பிய பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக ஒயர் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் வேன் சாவியை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. பக்கத்து ஊரில் கொசு மருந்து அடிக்க என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் சங்கிலி போட்டு நிலத்தை அளந்துவிட்டுப் போனார்களாம்.

பெண்களுக்கு நடுவில் எஸ்தர் என்ற நடுவயதுப் பெண். சேறு காயாத கால். "படம் காட்ட வந்தவங்களுக்கு தரைய எதுக்கு அளக்கணும்?" என்றாள்.

"அளக்கலம்மா. இது கரண்ட் ஒயர்."

"எங்க ஊர்ல கரண்டே கெடையாது. ஒயரு எதுக்கு?"

"ஜெனரேட்டரிலிருந்து வரும். நீங்க எழுந்தா போட்டுக் காட்டறேன்."

"நாங்க எழுந்ததும் அளந்துகினு போயிடுவே. கரண்டுன்னா நாங்க ஒக்காந்திருக்கும்போதே போடு. அடிக்குதான்னு பார்க்கலாம்."

மஸ்தான் பாய்க்கு வியர்த்துவிட்டது. அந்த ஒயரின் லட்சணம் அவருக்குத் தெரியும். போட்டால் உயிருக்கு ஆபத்து, போடாவிட்டால் நாங்கள் பொய்யர்கள். இருட்டத் தொடங்கியது. கடைசியில் எஸ்தரே வழி சொன்னாள். ஒயரை முழுக்கச் சுருட்டி வேனுக்குள் போட வேண்டும். அந்த மிஷினைத் தூக்கிவந்து சுவர் பக்கத்திலேயே வைக்க வேண்டும். படம் முடிகிறவரை சாவி அவளிடம் இருக்கும். அப்படியே செய்தோம். கையளவு ஒயரில், காதைப் பிளக்கும் இரைச்சலில், தொண்டை கிழியக் கத்திப் படம் காட்டினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை, விசில் இல்லை. கைக்குழந்தைகள்கூடச் சிணுங்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் கூட்டம் அசைந்தது. அந்த மூவரும் மணல்வெளியில் ஒத்திகை பார்ப்பார்கள். கனத்த உடுப்போடு குனிந்து ஒரு கொடியை நட்டுப் பழகுவார்கள். அதைப் பார்த்ததும் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

படம் முடிந்தது. எஸ்தர் சாவியை என் கையில் வைத்தாள். "கொடிதான் மொதல்ல நடுவாங்க. அப்புறம் கல்லு நடுவாங்க. அங்க இருக்கிறவங்ககிட்ட கேட்டாங்களா?" என்றாள்.

"நிலாவுல யாருமே இல்லம்மா" என்றேன்.

"எங்க ஊரையும் அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்களாம் சார், யாரும் இல்லன்னு."

சாட்சி

வேனில் திரும்பும்போது மஸ்தான் பாய் வழக்கமாகப் பாடிக்கொண்டு வருவார். அன்றைக்குப் பாடவில்லை. எனக்கும் அந்தப் பேச்சு உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தரிசு, குடியிருப்பு இல்லை என்று யாரோ காகிதத்தில் எழுதிவிட்டால், அந்தக் குடிசைகள் எங்கே போகும்?

சில மாதங்கள் கழித்து எஸ்தரும் இரண்டு ஆண்களும் நாங்கள் படம் காட்டிய வேறோர் ஊருக்கே தேடி வந்தார்கள். பொன்னேரியில் நிலம் எடுப்பது பற்றி விசாரணையாம். ஊரில் ஜனம் குடியிருக்கிறது என்று அவர்கள் சொன்னால், நேற்று வந்து குடிசை போட்டீர்கள் என்கிறார்களாம். முன்பே ஊரைப் பார்த்த வெளி மனிதர் ஒருவர் வந்து சொன்னால் தேவலை என்றார்கள். செயலாளரிடம் அனுமதி கேட்டேன். உனக்கு எதற்கு அந்த வம்பு, சங்கத்தின் பெயர் கெடும் என்றார். லீவு போட்டுவிட்டுப் போனேன். மஸ்தான் பாய், கேட்காமலே, கூட வந்தார்.

விசாரணை அதிகாரி மேஜைக்குப் பின்னால் இருந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். சர்ச் சுவரில் படம் காட்டினேன், சுற்றிலும் குடிசைகள், உட்கார இடமில்லாத கூட்டம் என்று சொன்னேன். என்ன படம் என்றார். நிலாவுக்குப் போகிறவர்கள் படம் என்றேன். அவர் முகத்தில் மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. மஸ்தான் பாய் குறுக்கே புகுந்து, வேன் சாவியை இந்த ஊர்க்காரர்கள் பிடுங்கி வைத்திருந்தார்கள், ஆள் இல்லாத ஊரில் சாவியைப் பிடுங்குவது யார் என்று கேட்டார். அதிகாரி அதை மட்டும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடி, என்னிடம் கேட்டார். "இவங்களுக்கு நீ ஒறவில்ல, ஊர்க்காரன் இல்ல, துட்டும் வாங்கலேங்கறே. அப்புறம் எதுக்குய்யா இவ்ளோ தூரம் வந்தே?"

விசாரணை அதோடு முடிந்தது. வயல்கள் போய்விட்டன. குடிசைகளும் சர்ச்சும் இருந்த துண்டு நிலத்தை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எஸ்தரின் பிள்ளைகள் அங்கே வந்த ஆலையிலேயே வேலைக்குப் போனார்களாம். அமெரிக்காவில் நிலாப் பயணங்களைக் குறைத்துவிட்டார்கள். சங்கமும் வேனை விற்றுவிட்டது. நான் வேறு ஆபீசுக்கு மாறினேன்.

ஊரை நம்ப வைப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்ததில் சங்கத்துக்கு என்ன லாபமோ தெரியாது, எனக்குக் கிடைத்த லாபம், அதற்குப் பிறகு எந்த ஆபீசிலும் எந்த மேலதிகாரியாலும் என்னைச் சுலபத்தில் நம்ப வைக்க முடியவில்லை என்பதுதான்.