மாத்திரைக்குத் தெரியாத ஒருசந்தி

சூளைக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதரின் கை குளிர்ந்திருக்காது. அன்று மேஸ்திரி ஒரு பீங்கான் பொம்மையை என்னிடம் நீட்டியபோது அவர் விரல்கள் என் விரல்களில் பட்டன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கையே எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பொம்மைகளுக்குப் பளபளப்பு கொடுக்கிற கிளேஸ் கரைசலில் காலையிலிருந்து கையை முக்கி முக்கி எடுப்பதுதான் என் வேலை. அந்தக் கைக்கே அவர் கை சில்லென்று பட்டது.

விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த கம்பெனி சின்னது. பொம்மை, அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி என்று செய்வோம். சூளையை எரிப்பதும் இறக்குவதும் மேஸ்திரியின் பொறுப்பு. சுவரில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக உள்ளே பார்த்து, நெருப்பைக் கொஞ்சம் கூட்டுவார், கொஞ்சம் குறைப்பார். சும்மா நிற்பதுபோலத்தான் தெரியும். அவர் அப்படிச் சும்மா நிற்காவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வெடித்துவிடும்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்க மாட்டேன். மேஸ்திரி எனக்கு ‘ஊமச்சி’ என்று பெயர் வைத்திருந்தார். “ஏ ஊமச்சி, வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருக்க?” என்பார். மற்றவர்கள் சொன்னால் அழுதுவிடுவேன். அவர் சொன்னால் சிரிப்பு வரும். ஏனென்றால் என் முகத்தைப் பார்த்தே என் சங்கதியைத் தெரிந்துகொள்கிறவர் அவர் ஒருவர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்க வழியில்லாமல் நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றால், அவரே முதலாளியிடம் போய், “அந்தப் பொண்ண அனுப்பிடுங்க, வூட்ல ஏதோ இருக்குது” என்று சொல்லிவிடுவார்.

அது தவக்காலம். மேஸ்திரி கோயில் தவறாத கிறிஸ்தவர். வெள்ளிக்கிழமைதோறும் ஒருசந்தி இருந்தார், சாயங்காலம் ஒரே வேளைதான் சாப்பாடு. அந்த வருஷம் அதில் ஒரு வேண்டுதலும் இருந்தது. அவருடைய ஒரே மகளுக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாக நிறைமாதமாக இருந்தாள். அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. சோற்றை விட்டாரே தவிர, காலையில் போடும் மாத்திரையை விடவில்லை. வைத்தியத்தையும் ஒழுங்காகப் பார்க்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்.

பதினொரு மணி வாக்கில் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. பங்குனி வெயிலில், தகரக் கூரையின் கீழ், சூளைக்கு எதிரில் வேர்க்காதவர் யார்? வேறு எங்காவது இருந்திருந்தால், ஏன் இப்படி வேர்க்கிறது என்று யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் இடத்தில் வேர்வைக்கு மதிப்பில்லை.

பொம்மையை என் கையில் கொடுத்தவர் என்னை மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாக்கு குழறியது. பிறகு தள்ளாடிக்கொண்டே போய், எரிந்துகொண்டிருக்கும் சூளையின் கதவுப் பிடியில் கையை வைக்கப் போனார். மூட்டை தூக்குகிறவர் ஓடிவந்து அவரை இழுத்து உட்கார வைத்துவிட்டுக் கத்தினார்: “யோவ் மேஸ்திரி, வேண்டுதல்னு சொல்லிட்டுக் காலையிலயே ஊத்திக்கினியா?” இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் குடிக்கிறவர் இல்லை. “கை சில்லுன்னு இருக்குது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் என்னோடு வேலை செய்யும் பெண்ணாடத்து அக்கா திரும்பினாள். அவள் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை உண்டு. வந்து மேஸ்திரியின் நெற்றியைத் தொட்டவள், “அடியே, இது சூட்டுக்கு வந்த வேர்வை இல்லடி. சக்கரை எறங்கிடுச்சு. டீக்கு வச்சிருக்கிற சக்கரைய எடுத்தா!” என்றாள்.

டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு ஓடினேன். மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டார். “வேணாம்… ஒருசந்தி… எம் பொண்ணு…” என்று தலையை ஆட்டினார். எல்லாரும் தயங்கினார்கள். சாமி காரியம், யார் கெடுப்பது? எனக்கும் பயம்தான். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் அவர் கண் செருகிக்கொண்டிருந்தது. நான் முட்டிபோட்டு உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“பாவம் வந்தா எனக்கு வரட்டும் மேஸ்திரி. உங்க பொண்ணுக்கு வராது. வாயத் தொறங்க!”

கொட்டகை முழுக்கக் கேட்டது. அவர் வாயைத் திறந்தார். மெல்ல மெல்லக் குடித்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவரைத் திட்டிக்கொண்டேதான் ஊசி போட்டார். “மாத்திரைக்கு ஒருசந்தி தெரியுமா ஐயா? நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் அது சக்கரைய எறக்கிக்கினேதான் இருக்கும். ஒடம்பு தாங்காம வேர்வையா ஊத்தி, நெஞ்சு படபடன்னு அடிச்சிக் கூப்புடுது. நீங்க காது குடுக்கல.”

நான் பத்தாவதோடு நின்றவள். ஆனால் அன்றிலிருந்து உடம்பைப் பற்றி நிறைய யோசிப்பேன். வெயிலில் வேர்க்க வைத்துக் குளிர்விக்கிறது. குளிரில் நடுங்க வைத்துச் சூடேற்றுகிறது. தண்ணீர் குறைந்தால் தாகம். நாம் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தால், ஈரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடுகிறதாம். நாம் கேட்காமலே உள்ளே யாரோ சூளை ஓரம் நின்று கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதுபோல. மேஸ்திரியின் மாத்திரை உள்ளே நிற்கிற அந்த ஆளையும் மீறிக்கொண்டு போய்விட்டது.

நோயாளிக்கு ஒருசந்தி கடமை இல்லை என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மேஸ்திரி இட்லி டப்பாவோடு வந்தார். பத்து மணிக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தார். மூடினார். திருடித் தின்கிறவர்போலத் தோள் குறுகியிருந்தது. நான் என் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு போய், அவருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து திறந்தேன்.

“எனக்கும் பசிக்குது மேஸ்திரி.”

“பத்து மணிக்கா?”

“ஆமா.”

அவர் இட்லியில் ஒரு துண்டு பிய்த்தார். “ஊமச்சிக்கு வாய் வந்துடுச்சு. இனிமே இந்தக் கம்பெனி உருப்படாது” என்றார். மீதியிருந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான் சாப்பிட்டோம். மகளுக்குக் குழந்தை பிறந்து, இரண்டு உயிரும் நலம் என்று தெரிகிற வரைக்கும் அவருக்கு ஒரு வாய்கூட ருசித்திருக்காது. எனக்கும்தான்.

மேஸ்திரி வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது எனக்கும் அதே வியாதி, கிட்டத்தட்ட அதே மாத்திரை. மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று இந்த ஆடி வெள்ளியில் அம்மனுக்கு விரதம் இருக்கலாம் என்று எண்ணினேன். டாக்டர் வேண்டாம் என்றார். காலையில் விளக்கேற்றிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். முதல் வாயை எடுக்கக் கை வரவில்லை. அன்றைக்கு அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. பிறகு சாப்பிட்டேன்.