பிலோமினா கட்டிய செல்ப்

எண்ணூர் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தோணியின் போன் வந்தது. காட்டுப்பள்ளியில் ஒருவரை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். விசைப்படகு எஞ்சினுக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் அந்தோணி. போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவான். அன்று மெதுவாகப் பேசினான். "அண்ணாத்தே, பிலோ பூட்டா" என்றான். காலையில் கடையைத் திறக்கும்போது நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். முன்னால் நின்ற லாரிகள் நகர்ந்த பிறகும் நான் நகரவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கல்மண்டபத்தில் பிலோமினாவைத் தெரியாத வண்டிக்காரர் கிடையாது. இதைப் படிக்கும் நீங்களும் ஒருமுறையாவது அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு வந்து எங்கள் தெருவிலேயே கார்களின் எலக்ட்ரிக் வேலைக்குக் கடை போட்டவள். செல்ப் கட்டுவதில் கெட்டிக்காரி. செல்ப் என்று நாங்கள் சொல்வது, சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடும் மோட்டாரை. தன்னடக்கம் அவள் கடைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. "இங்கருந்து எண்ணூரு வரைக்கும் என் கை படாத செல்பு எது கீது, காட்டு நைனா" என்று நேருக்கு நேர் கேட்பாள். பெரும்பாலும் அது உண்மையாக இருந்து தொலைத்ததுதான் எங்களுக்கு எரிச்சல்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர். கல்யாணப் பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப்போக வாடகைக்கு ஓட்டுகிறேன், அதுதான் பிழைப்பு. அந்த வண்டியை முதன்முதலில் அவளிடம் கொண்டுபோனபோது, பேட்டரி செத்துவிட்டது, புதுசு வேண்டும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போனேன். அவள் பேட்டரியைப் பார்க்கவில்லை. முன்விளக்கைப் போடச் சொன்னாள், பிறகு சாவியைத் திருப்பச் சொன்னாள். திருப்பியதும் விளக்கு செத்துப்போனது. "மொதல்ல மூஞ்சியப் பாரு, அப்பால வைத்தியம் சொல்லு" என்றாள். பேட்டரி முனையில் உப்பு பூத்துக் கிடந்தது. டீக்கடையிலிருந்து கொதிக்கும் தண்ணீர் வாங்கி ஊற்றிக் கழுவி, சுரண்டி முடுக்கினாள். வண்டி கிளம்பிவிட்டது. பேட்டரி விற்கிறவனுக்கு நான் பிறந்ததிலிருந்தே தோஸ்து போலிருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

வண்டியைத் தள்ளிக் கிளப்புவது அவளுக்குப் பிடிக்காது. நம் ஊரில் ஒரு வண்டி 'டக்' என்று முனகினாலே போதும், கூப்பிடாமலே ஆறு பேர் பின்னால் வந்து தோள் கொடுப்பார்கள். அவளோ, "தள்றது வைத்தியம் இல்ல, கெஞ்சல்" என்பாள். ஒருமுறை என் வண்டியில் போன மணப்பெண்ணைக் கோயில் வாசல்வரை தள்ளிக்கொண்டு போகும்படி ஆகிவிட்டது. தள்ளி வந்த பெண்ணின் குடித்தனமும் தள்ளுவண்டிதான் என்று நம் பக்கத்துப் பெண்கள் சொல்வது உங்களுக்குத் தெரியும். ராசியில்லாத வண்டி என்று பேர் வந்துவிட்டது. பிலோமினா அந்த செல்பை இறக்கிப் பிரித்தாள். தேய்ந்த கார்பனை மாற்றி, புது புஷ் போட்டு, காயிலை முதலிலிருந்து கட்டினாள். கடைவாசலில் வைத்துக் கரண்ட் கொடுத்தபோது அது கூடையில் கொட்டிய மீன் மாதிரி துள்ளியது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கும் அந்தோணிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாற்பதைத் தாண்டிய பெண்ணும், மனைவியை இழந்த விசைப்படகுக்காரனும் செய்துகொள்ளும் கல்யாணம். அந்தோணியின் அக்கா மார்த்தாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. கிரீஸ் கையோடு வருகிற பெண் வீட்டுக்கு எதற்கு என்று வெளிப்படையாகவே கேட்டார். என் வண்டியில்தான் பெண் வரப்போகிறாள் என்றதும் இன்னும் கொதித்துப்போனார். ராசி கெட்ட வண்டி வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். பிலோமினா மசியவில்லை. "நான் கட்டுன செல்பு. நானே அதுல போவலன்னா எவன் நம்பி என் கடைக்கு வருவான்" என்றாள். அவளுடைய தொழில் பேரும், அந்த வீட்டில் அவள் கால் வைப்பதும் ஒரே சாவியில் தொங்கின.

கல்யாணத்தன்று காலை பெண்ணை அழைக்க மார்த்தாவே வந்தார். வண்டி ரோஜாச் சரத்தோடு பெண் வீட்டு வாசலில் நின்றது. வெள்ளைப் பட்டுப் புடவையில், தலையில் நெட் முக்காட்டோடு பிலோமினா ஏறி உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். 'டக்.' மறுபடியும் திருப்பினேன். 'டக்.' அதற்குள் பின்னால் ஆறு பேர் வந்து நின்றுவிட்டார்கள். மார்த்தா சத்தம்கூடப் போடவில்லை. "இதான் நீ கட்டுன செல்பா?" என்று மட்டும் கேட்டார்.

பிலோமினா கீழே இறங்கினாள். "எவனும் வண்டி மேல கை வெக்காத" என்று பின்னால் பார்த்துச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னாள். நெட்டை என் மனைவி தூக்கிப் பிடித்துக்கொண்டாள். விளக்கைப் போட்டுக்கொண்டு திருப்பினேன். இந்த முறை விளக்கு மங்கவே இல்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது. அப்படியானால் செல்ப்தான் போயிற்று என்று நான் சொன்னேன். "என் செல்பு மேல எனக்கு நம்பிக்கை கீது. ஆனா நம்பிக்கைய வெச்சி வண்டி ஓட்ட முடியாது. இன்னொரு வாட்டி திருப்பு" என்றாள். திருப்பினேன். எஞ்சின் மேல் ஊன்றியிருந்த கையை வெடுக்கென்று எடுத்தாள். சோக் ஒயர் சுட்டிருந்தது.

வண்டிக்குள்ளிருந்து எஞ்சினுக்குப் போகும், சோக்கை இழுக்கிற மெல்லிய இரும்புக் கம்பி அது. கரண்டுக்கு அதில் வேலையே இல்லை. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். செல்புக்குப் போகும் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டும் என்று எங்களுக்கு அங்கேயே பாடம் எடுத்தாள். "மெயின் ரோட்ட மூடினா லாரி சந்துல பூரும்ல, அதான் இது." மெயின் ரோடு என்றது எஞ்சினையும் வண்டி உடம்பையும் இணைக்கும் எர்த் பட்டையை. குனிந்து பார்த்தாள். பட்டை பூட்டிய இடம், சுற்றிலும் உள்ள தகரம் எல்லாம் பளபளவென்று நீலமாக இருந்தது. படகுக்கு அடிக்கிற பெயிண்ட். அதைத் தாண்டிக் கரண்ட் போகாது.

யார் அடித்தது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். மாப்பிள்ளைதான் என்றேன். கல்யாணத்துக்கு முந்தின நாளே வண்டியை அவள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, அவளுக்குத் தெரியாமல், உப்புக்காற்று அரிக்காமல் இருக்கட்டும் என்று அந்தோணி பானெட்டுக்குள் முழுக்க அடித்திருந்தான். படகில் ஒரு போல்ட் ஓட்டையை விட்டாலும் உப்பு ஏறிவிடும் என்று பழகிய கை. பட்டையைக் கழற்றி, அடியிலும் தடிமனாக இரண்டு பூச்சு பூசி, காய்ந்த பிறகு ஒழுங்காக முடுக்கியிருந்தான். அதன்பிறகு நான் வண்டியைக் கிளப்பவே இல்லை. பிலோமினா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

கடையிலிருந்து ஜம்பர் கேபிள் வந்தது. ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் கவ்வவிட்டாள். சாவியைத் திருப்பினேன். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. தெருவே விசிலடித்தது. ஆனால் அவள் அதோடு விடவில்லை. கேபிளைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவதும் அவளுக்குக் கெஞ்சல்தான். வண்டியை அணைத்து, பட்டையைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தை மட்டும் வெள்ளி மாதிரி இரும்பு தெரியும்வரை சுரண்டினாள். திரும்பப் பூட்டினாள். முழுவதையும் சுரண்டிவிடலாமே என்று நான் கேட்டதற்கு, "மிச்சம் அப்டியே கெடக்கட்டும். ஆசையா அடிச்சிக்கீறாரு" என்றாள்.

கேபிள் இல்லாமல், முதல் திருப்பிலேயே எடுத்தது. அவள் பெருமைக்கு அன்று அளவே இல்லை. வலது கை முழங்கைவரை கறுப்பு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவையிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்த்தா பக்கத்தில் வந்தார். "கைய குடு" என்று இழுத்து, தன் புதுப் புடவை முந்தானையாலேயே துடைத்துவிட்டார். வண்டியிலும் அவள் பக்கத்திலேயே ஏறிக்கொண்டார். கோயில் வாசலில் கூட்டம் வழி மறித்தபோது கண்ணாடியை இறக்கி, "ஓரம் போங்கப்பா, எங்க வூட்டுப் பொண்ணு வர்றா" என்று கத்தியதும் அவர்தான். எதற்காகத் தாமதம் என்று அந்தோணிக்கு பீடத்தின் முன்னால் யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டின்போது பிலோமினாவே அவன் காதில் சொன்னாள். மனிதன் அன்று பிரியாணியே சாப்பிடவில்லை.

அவளுக்காகச் சொன்ன முப்பதாம் நாள் பூசை முடிந்து, போன வாரம் அந்தோணி என் வீட்டுக்கு வந்தான். கையில் நீலப் பெயிண்ட் டப்பா. பழைய பூச்சு அங்கங்கே உரிந்து துரு தெரிகிறது, ஒரு கை அடித்துவிடுகிறேன் என்றான். நான் மறுக்கவில்லை. பானெட்டைத் திறந்து எர்த் பட்டையைக் கழற்றினான். டேப்பை வட்டமாக வெட்டி அவள் சுரண்டிய இடத்தின் மேல் ஒட்டி, விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். அதற்குப் பிறகுதான் பிரஷ்ஷைத் தொட்டான்.

அவள் படமோ, அவள் கடைச் சாமான்களோ என்னிடம் இல்லை. அவளுடையது என்று நான் வைத்திருப்பது ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெறும் இரும்பு. உப்புக்காற்று அதைத் தொடாமல் எண்ணெய் தடவிக் காப்பாற்றி வருகிறேன். பெயிண்ட் காய்ந்த பின் டேப்பை உரித்து, பட்டையை முடுக்கிவிட்டு சாவியை அந்தோணியிடம் கொடுத்தேன். அவன் திருப்பினான். எடுத்தது.