ரேடியேட்டர் போட்டிருந்த பனியன்

போன வாரம் அவிநாசி ரோட்டில் என் கார் மறுபடியும் கொதித்தது. 'மறுபடியும்' என்பதைக் கவனியுங்கள். மூன்று மாதத்தில் இது நான்காவது தடவை!

இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டியாயிற்று. ஒருவர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இன்னொருவர் கூலன்ட்டையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றினார். மாற்றாமல் விட்டது ஓனரை மட்டும்தான்.

இந்தத் தடவை நான் தனியாக இல்லை. பக்கத்து சீட்டில் சுமதி. எங்கள் வீட்டை ஒட்டிய நிட்டிங் யூனிட்டில் எட்டு வருஷமாகத் துணி பின்னும் மெஷின் ஓட்டுகிறவர். மெஷின் நின்றால் சரிசெய்ய வேண்டியவர் ஃபிட்டர். அங்கே பாதி நாள் அந்த வேலையைச் செய்வதும் சுமதிதான். ஆனால் அந்தப் பதவியைக் கேட்டபோது முதலாளி சிரித்துவிட்டாராம்.

அவிநாசி தாண்டி ஒரு பெரிய கம்பெனியில் ஃபிட்டர் வேலைக்கு அன்று அவருக்கு இன்டர்வியூ. பத்தரை மணிக்கு. "கோவைக்குத்தான் போறேன், இறக்கி விடறேன் வா அம்மிணி" என்று பெரிய மனுஷனாக அழைத்து வந்தவன் நான். ஒன்பதே முக்காலுக்கு, அவிநாசிக்கு இந்தப் பக்கமே, எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. எப்படி இருக்கும் எனக்கு?

பானெட்டைத் திறந்து, கைக்குட்டையோடு ரேடியேட்டர் மூடியை நோக்கிப் பாய்ந்தேன்.

"ஐயோ, தொடாதீங்ண்ணா! மூஞ்சியில அடிச்சிருமுங்க. ஆறட்டும்."

காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு டவுன் பஸ் வந்தது. "நீ போயிரு அம்மிணி, நான் பார்த்துக்கறேன்" என்றேன். சுமதி பஸ்ஸைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். கையிலிருந்த இன்டர்வியூ கவரைப் பார்த்தார்.

"இதை இப்படியே உட்டுப்போட்டுப் போனா அங்க போயி எனக்கு ஒரு பதிலும் வராதுங்ண்ணா. இதேதான் மனசுல ஓடிட்டு இருக்கும்."

பஸ் போய்விட்டது. நான்தான் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் வேலை செய்த விதம் இருக்கிறதே... குனிந்து காருக்கு அடியில் பார்த்தார் — சொட்டு ஒழுகல் இல்லை. கூலன்ட் டப்பாவைப் பார்த்தார் — கோடு வரை இருந்தது. எஞ்சின் ஆறியதும் ஸ்டார்ட் செய்து ஏ.சி. போடச் சொன்னார் — ரேடியேட்டர் ஃபேன் சுற்றியது. அப்புறம் கவரில் ஒரு துண்டைக் கிழித்து, காரின் முன்பக்கக் கிரில்லில் வைத்தார். ஃபேன் காற்றை இழுத்தால் காகிதம் அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டும் இல்லையா? அது தரையில் விழுந்தது.

"காத்தே உள்ள போகலீங்ண்ணா. காரை எங்க நிறுத்துவீங்க?"

"உங்க யூனிட் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேரா. அங்கதானே நிழல்..."

சுமதி தலையில் கை வைத்துக்கொண்டார். "அது பூராவும் பஞ்சைத்தானுங்க வெளிய தள்ளுது! அப்பப்ப சுத்தம் பண்ணுவீங்ளா?"

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஞாயிறுதோறும் யூனிட்டில் காற்றடித்துத் தூசி தட்டும் ஏர் கன்னை வாங்கி, கிரில் வழியாக நானே அடிப்பேன். முன்பக்கம் பளபளவென்று இருக்கும்!

"முன்னாடி இருந்து அடிச்சீங்ளா? வந்த பஞ்சையெல்லாம் நீங்களே உள்ள தள்ளி வெச்சிருக்கீங்க."

எதிரே ஒரு பஞ்சர் கடை. மெதுவாக அங்கே உருட்டிப் போனோம். எஞ்சினை நிறுத்தி, ஸ்பேனர் வாங்கி, ரேடியேட்டரின் மேல் போல்ட் இரண்டைக் கழற்றி, லேசாகச் சாய்த்தார். பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றடித்தார். ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் வளைத்த கம்பியை விட்டு இழுத்தார். வந்தது பாருங்கள் — கனமாக, மெத்தென்று, ஒரு பனியனுக்குத் தேவையான பஞ்சு! மாசக்கணக்காக என் ரேடியேட்டர் சட்டை போட்டுக்கொண்டுதான் ஓடியிருக்கிறது.

"இந்தச் சாம்பல் கலரு போன மாச ஆர்டருங்ண்ணா. நீலம் அதுக்கு முந்தினது" என்றார். வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன எனக்கு. இந்தப் பெண்ணை என்ன சொல்லிப் பாராட்டுவது?

போல்ட்டை முடுக்கி, எஞ்சினை ஓடவிட்டு, மறுபடியும் காகிதம் வைத்தார். பச்சக்கென்று ஒட்டியது. முள் நடுவிலேயே நின்றது.

கம்பெனிக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று பத்து. புது சுடிதாரில் கரி. கையெல்லாம் கறுப்பு. நான் வாசலில் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் நாற்பது நிமிஷத் தாமதத்தில் போய்விடுமோ என்ற பயம்.

அரைமணி கழித்து வெளியே வந்தார். ஏன் லேட் என்று மேனேஜர் கேட்டாராம். இவர் பையிலிருந்து அந்தப் பஞ்சுத் துண்டை எடுத்து மேஜை மேல் வைத்தாராம். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "எந்தப் பக்கத்துல இருந்து காத்தடிச்சீங்க?"

"பின்னாடி இருந்துன்னு சொன்னனுங்க. ஒண்ணாந் தேதி வரச் சொல்லிட்டாங்ண்ணா!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க பானெட்டைத் திறந்து பார்க்கிற மாதிரி நின்றேன்.

யூனிட் முதலாளிக்கு இப்போது என் மேல் கோபம். எட்டு வருஷம் பக்கத்திலேயே இருந்தவரைப் பார்க்காதவர், நேற்று என்னைப் பார்த்துக் கேட்கிறார்: "ஏனுங்க, எங்க ஆளைக் கார்ல வெச்சுக் கூட்டிட்டுப் போயிட்டீங்களே?"

நான் எங்கே சார் கூட்டிக்கொண்டு போனேன்? அவர்தான் என்னையும் காரையும் கூட்டிக்கொண்டு போனார்!