செத்த பிறகு வளர்ந்த கெண்டை

எங்கள் தெருவில் டேப் இல்லாமலே அளவெடுக்கும் தையல்காரர் ஒருவர் இருக்கிறார். மாஸ்டர் என்றால் அவர்தான். டேப்பைக் கழுத்தில் போட்டிருப்பது தொழில் மரியாதைக்கு. மற்றபடி, மாடியேறி வருகிறவரின் இடுப்பு எத்தனை என்பது அவர் கடைசிப் படியை மிதிப்பதற்குள் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். போன தடவையைவிடக் கூடியிருந்தால் அதையும் சொல்வார். அதனாலேயே சிலர் அவரை எதிரில் கண்டால் வயிற்றை எக்கிக்கொண்டு நடப்பதுண்டு.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டில். கூட்டாளிகள் இருவர்: கடைக்குக் கீழே இருக்கும் எலக்ட்ரீஷியன், அப்புறம் சகலை. சகலை என்கிற உறவை விளக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக இரண்டு ஆண்கள் ஆயுள் முழுக்க ஒருவரையொருவர் அளந்துகொண்டிருப்பது. சகலைக்கு வீடு பெரிது, வண்டி பெரிது, குரலும் பெரிது. மாஸ்டரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஏரியில் அந்தக் கெண்டை மாட்டும்வரை.

உண்மையிலேயே நல்ல கெண்டை. அதைச் சகலையே வலையில் ஏந்தித் தூக்கும்படி ஆனது மாஸ்டருக்கு மீனைவிடப் பெரிய சந்தோஷம்.

"ரெண்டு வேளைக்கு வரும்" என்றார் சகலை.

"இது சாப்பிடற மீன் இல்ல சகலை. சுவத்துல மாட்டற மீன்."

ஈரத்துணி சுற்றி, ஒரு செதில் உதிராமல், பாடம் செய்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். செத்த பறவை, நாய்க்குட்டி எல்லாவற்றையும் உயிரோடு இருப்பதுபோல் உட்காரவைத்துத் தருகிற மனிதர் அவர். அவருடைய கெட்ட நேரம், ஃப்ரீசர் மூச்சை நிறுத்திவிட்டது. திறந்து பார்த்தபோது மீன் அழுகி, தோல் உரிக்கவும் லாயக்கில்லாமல் கிடந்தது. சொல்லப் பயந்து, ஃபைபரில் வார்த்த கெண்டை ஒன்றை வாங்கி, மாஸ்டர் கொடுத்த போட்டோவைப் பார்த்துச் செதில் செதிலாக வண்ணம் தீட்டினார். வாங்கின இடத்தில் இருந்தது ஒரே அளவு. அது பெரிய அளவு.

மாஸ்டர் வந்து பார்த்தார். அரை இஞ்சுக்கே முகம் சுளிக்கிற கண் அது. இங்கே முழுசாக அரை முழம் கூடியிருந்தது. பாடம் செய்பவருக்கு நெற்றி வேர்த்தது. மாஸ்டர் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தார். சகலையின் முகத்தை மனசுக்குள் ஒருமுறை பார்த்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்குங்க" என்றார். கூலியும் தாராளம். இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்துவிட்டதால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

மாட்டுகிற அன்று சகலை குடும்பத்தோடு மாஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தார். எலக்ட்ரீஷியனும் வந்தார். பாடம் செய்பவர் ஸ்டூலில் ஏறி ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். சகலை அண்ணாந்து பார்த்து, தாடையைச் சொறிந்துகொண்டார்.

"நான் வலையில தூக்கினப்ப இவ்வளவு நீளம் இல்லையே சகலை. செத்த பிறகும் நல்லா சாப்பாடு போட்டு வளத்திருக்கீங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரின் மனைவியும் சிரித்ததுதான் தாங்கவில்லை. மாஸ்டர் சட்டென்று ஸ்டூல் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா இது? என் மீன மாத்திட்டியா?"

ஸ்க்ரூடிரைவரோடு அந்த மனிதர் குனிந்து பார்த்தார். 'அன்னைக்கே பாத்தீங்களே சார்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

"ஃப்ரீசர் கெட்டுப்போச்சுங்க. தப்பு என்னோடதுதான்" என்றார். இறங்கினார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பகல்கொள்ளைக்காரனா இருக்கானே" என்றார் சகலை. "நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு."

எலக்ட்ரீஷியன் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார். "மாஸ்டர், என் பேன்ட்ல ஒரு கால் நீளம் கூடன்னு தெருவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சொன்னது நீங்கதானே?"

சகலை மாஸ்டரைப் பார்த்தார். அப்புறம் மீனைப் பார்த்தார். கேலி பண்ணியிருந்தால் தேவலை.

ஆனால் ஊருக்குள் போனது, பாடம் செய்பவர் மீனை மாற்றிவிட்டார் என்கிற முதல் பாதி மட்டும்தான். இரண்டாம் பாதியில் குடும்ப மானம் இருந்ததால் அதை உள்பக்கமாக மடித்துத் தைத்துவிட்டார்கள்.

மாஸ்டருக்கு மீனுக்கு நேரே உட்கார்ந்து சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் காலை, மன்னிப்புக் கேட்கலாம் என்று பாடம் செய்பவரிடம் கிளம்பிப் போனார். அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், பாதி வேலை முடிந்திருந்த தன் பூனையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மீனையே மாத்தினவர் நீங்க. என் பூனைய புலியாக்கிக் குடுத்தா நான் எங்க போறது?"

பாடம் செய்பவர் பூனையைத் துணியில் சுற்றினார். மாஸ்டருக்குக் காது சுட்டது. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் வந்த வழியே திரும்பி நடந்தார். பக்கத்துக் கடைவரை போய்விட்டார் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பிறகு வந்தார்.

"டீச்சரம்மா, இவர நம்பிக் குடுங்க. மீன் மாறினது எனக்கு அன்னைக்கே தெரியும். பெருசா இருந்துச்சு, வாய மூடிக்கிட்டேன். அப்புறம் எல்லார் முன்னாடியும் இவர் மேல பழியப் போட்டுட்டேன்."

டீச்சரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நீங்க அந்த மாடிக்கடை டெய்லர்தானே?"

"ஆமாங்க."

"என் ப்ளவுஸ் துணி ரெண்டு உங்ககிட்ட இருக்கு."

"இருக்குங்க."

"தைக்காம திருப்பிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, பூனையை மேசைமேல் திரும்ப வைத்தார்.

"சரிங்கம்மா" என்றார் மாஸ்டர்.

பாடம் செய்பவர் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. துணியைப் பிரித்து, பூனையின் மீசையை ஒவ்வொன்றாக நேராக்கத் தொடங்கினார்.