அக்கரைப் பிள்ளைகள்

நான் நான்காவது படிக்கும்போது ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னையும் அண்ணனையும் அப்பாவையும் அருவிக்குக் கூட்டிப்போனாள். அத்தை அப்பாவின் தங்கை. கட்கி என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. லீவு கிடைத்தால் மலை. வீட்டில் அவள் வாய் திறப்பதே அபூர்வம்.

லோனாவளா லோக்கல் ரயிலில் போய் இறங்கிக் காட்டுப் பாதையில் ஏறினோம். பாசிப் பாறையில் கால் வைக்காதே என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். மரங்கள் விலகியதும் கரும்பாறையிலிருந்து அருவி அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நானும் அண்ணனும் முழங்கால் ஆழத்தில் ஆடினோம். அத்தை அருவியைவிட அதற்கு மேலிருந்த மேகத்தைத்தான் அதிகம் பார்த்தாள்.

"சலோ, மேல ஏறுங்க. தண்ணி கலங்குது."

இங்கே மழையே இல்லையே என்றார் அப்பா. நாங்கள் பாறை ஏறித் தலை துவட்டுவதற்குள், நின்ற இடம் செந்நிற வெள்ளத்தில் காணாமல் போனது.

எதிர்க்கரையில் காலேஜ் பிள்ளைகள் சிலர் மாட்டிக்கொண்டார்கள். ஊர் திரும்ப ஓடையைத் தாண்டியாக வேண்டும். ஒருவன் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தான்.

"தாம்பா. தித்தேச் பசா," என்று அத்தை மராத்தியில் கத்தினாள். நில்லுங்கள், அங்கேயே உட்காருங்கள் என்று அர்த்தம்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். அத்தையும் எதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். எந்தக் காலேஜ், அம்மா என்ன சமைப்பாள், எல்லாம் கேட்டாள். இரைச்சலில் பாதி காதில் விழாது, மறுபடி கத்துவாள். யாராவது எழுந்தால் அடுத்த கேள்வி அவனுக்குத்தான். ஒரு பெண்ணைப் பாடச் சொன்னாள். பாட்டு எங்கள் கரைக்கு வந்து சேரவேயில்லை. அத்தை கை தட்டினாள்.

அப்பா ரயில் நேரத்தை நினைவூட்டினார். "தண்ணி வடியட்டும்ணா," என்றாள். பிறகு அவர் கேட்கவில்லை. எனக்கோ குளிர், பசி. முன்பின் தெரியாதவர்களோடு அப்படி என்ன பேச்சு என்று ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் வெள்ளம் இறங்கிக் கற்கள் தெரிந்தன. பிள்ளைகள் கைகோத்துக் கடந்து வந்தார்கள். பாடிய பெண் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள், குரலே வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் அம்மாவிடம் புகார் சொன்னேன். அத்தை யாரோடோ அரட்டையடித்து ரயிலைக் கோட்டைவிட்டுவிட்டாள் என்று. அப்பா என்னைத் திருத்தவில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அத்தையின் தொண்டைக்கு வெந்நீர் போட எழுந்து போனாள்.